உமாராணி வக்கீல் ஆபீஸ் ஆயத்தமான விதம்

வக்கீல் உமாராணிக்குச் சுற்றறிக்கை வந்த அதே காலையில்தான் பேச்சித்தாயும் வந்தாள். இரண்டில் எது முதலில் வந்தது என்று பின்னால் பலமுறை யோசித்தும் உமாராணிக்கு ஞாபகம் வரவில்லை. பேச்சித்தாய் கால் மணி நேரம் முந்தியிருந்தால் எல்லாமே வேறு மாதிரி நடந்திருக்கும்.

தென்காசியில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருபத்திரண்டு வருஷமாக நடக்கிற ஆபீஸ் அது. ஒரே அறை. உமாராணிக்கு ஒரு மேஜை, குமாஸ்தா பிச்சையாவுக்கு ஒரு மேஜை, ஒரு பீரோ, கட்சிக்காரர்கள் உட்கார நாலு பிளாஸ்டிக் நாற்காலி. பிச்சையாவுக்கு வயது அறுபத்தொன்று. எந்த வழக்குக்கு எந்த வாய்தா என்பதை டைரி பார்க்காமல் சொல்லுவார். டைரியைப் பார்த்துச் சொன்னால்தான் தப்பும்.

பேச்சித்தாய் இலஞ்சிக்காரி. பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சொன்னாள்:

"வக்கீலம்மா, பக்கத்து வீட்டு பலவேசம் எங்க நடைபாதைக்குக் குறுக்க சுவரு வைக்காரு. முழங்கால் ஒசரம் வந்துட்டு. ஆட்டோ உள்ள வர முடியல. எங்க வீட்டுக்காரவுகளுக்குக் கிட்னி ரெண்டும் போச்சு. செவ்வாயும் வெள்ளியும் தென்காசி ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிட்டு வரணும். என் தோள்ல கையப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு காலாத் தூக்கித் தாண்டுதாக. இடுப்பு ஒசரம் வந்துட்டா எப்படிம்மா தாண்டுவாக?"

"வேற வழி?"

"வயலுக்குள்ள வரப்புதான். தண்ணி கெடக்கு."

பலவேசம் ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர். பாதை தன் பட்டாவில் வருகிறது என்பது அவர் கட்சி. ஒரே ஒரு நல்ல காலம், சுவர் மெதுவாகத்தான் ஏறிக்கொண்டிருந்தது. பழைய உத்தியோக ஞாபகத்தில் பலவேசம் ஒவ்வொரு செங்கலையும் தட்டிப் பார்த்து, திருப்பிப் பார்த்து, விசாரித்து முடித்த பிறகே வைக்க விட்டார். ஒரு நாளைக்கு ஒரு வரிச் செங்கல் ஏறினாலே பெரிது.

உமாராணி நாற்பது வருஷத்துப் பாதை என்பதற்கான காகிதங்களைப் பார்த்தாள். தெளிவான வழக்கு. இடைக்காலத் தடை கேட்டு நாளைக்கே மனுப் போட்டுவிடலாம். அப்போதுதான் பிச்சையா சுற்றறிக்கையை நீட்டினார்.

அனுப்பியது 'தொழில்நெறி மாற்ற ஆயத்த மையம்'. வக்கீல்களின் தொழில் ஒழுக்க விதிகள் ஆகஸ்டு முதல் தேதி மாறப் போகின்றன; அதற்கு எல்லா வக்கீல் அலுவலகங்களும் ஆயத்தமாகி, ஆயத்தமானதற்குச் சான்று பெற வேண்டும். கடைசி வரி இப்படி இருந்தது: 'மே முப்பதாம் தேதிக்குப் பின் சான்றில்லா அலுவலகங்கள் தாக்கல் செய்யும் வக்காலத்துகளின் நிலை குறித்துப் பின்னர் அறிவிக்கப்படும்.'

அன்று ஜூன் இரண்டாம் தேதி.

'நிலை குறித்துப் பின்னர் அறிவிக்கப்படும்' என்ற நாலு வார்த்தையையும் உமாராணி திரும்பத் திரும்பப் படித்தாள். கோர்ட் கேன்டீனில் கடையநல்லூர் முகம்மது சலீமிடம் கேட்டாள். சலீம் அவளைவிடப் பத்து வயது இளையவர், கெட்டிக்கார வக்கீல்.

"போட்டுராதீங்க மேடம். நாளைக்கு எதிர்க்கட்சி வக்கீல் அதைத்தான் பிடிச்சுக்கிட்டுத் தொங்குவான். வக்காலத்தே செல்லாதும்பான். நானா இருந்தா நானே தொங்குவேன்."

இரண்டு நாள் கழித்து பலவேசம் தன் வக்கீலாக அமர்த்திக்கொண்டது சலீமைத்தான். உமாராணி சான்று வாங்கிவிட்டே மனுப் போடுவது என்று முடிவு செய்தாள். ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தாள்.

*

ஆயத்தப் பயிற்சி குற்றாலத்தில் ஒரு விடுதியில் மூன்று நாள். சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. மெயினருவி இரைச்சல் ஜன்னல் வழியே வந்தது. நாற்பது வக்கீல்கள் கறுப்புக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேருடைய கைப்பையில் சட்டப் புத்தகம் இருக்க வேண்டிய இடத்தில் துண்டு இருந்தது.

மையத்தின் மண்டல இயக்குநர் குற்றாலீஸ்வரன் மேடையேறினார். சட்டம் படித்தவர் இல்லை. அதை அவரே முதலில் சொல்லிவிட்டார்.

"நான் வக்கீல் இல்லை. அதுதான் என் தகுதி. இதுவரை பதினோரு மாற்றங்களுக்கு மக்களை ஆயத்தப்படுத்தியிருக்கிறேன். அதில் ஒன்பது மாற்றம் வரவே இல்லை. ஆனால் வராத ஒன்றுக்கு முழுமையாக ஆயத்தமாக இருந்தவர்கள் முகத்தில் இருந்த அமைதியை நான் பார்த்திருக்கிறேன். அந்த அமைதியைத்தான் உங்களுக்கும் தர வந்திருக்கிறேன்."

உமாராணி கையைத் தூக்கினாள். "புது விதிகளோட நகல் கிடைக்குமா சார்?"

"விதிகள் முத்திரையிட்ட உறையில் இருக்கின்றன."

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

"பார்த்தால் எனக்கு ஒரு சார்பு வந்துவிடும். மேலும், அம்மா, நீங்கள் எல்லாரும் வக்கீல்கள். விதியை முன்கூட்டியே கையில் கொடுத்தால் என்ன செய்வீர்கள்? படிப்பீர்கள். படித்தால் ஓட்டை தேடுவீர்கள். ஒழுக்கம் என்பது படித்துவிட்டுச் செய்கிற காரியம் இல்லை."

நாற்பது பேரும் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். உமாராணியும் எழுதினாள். எழுதிய பிறகுதான் ஏன் எழுதினோம் என்று யோசித்தாள்.

இரண்டாம் நாள் மதியம் நாற்பது பேர் ஆறு பேரானார்கள். மீதிப் பேர் அருவிக்குப் போயிருந்தார்கள். இயக்குநர் கோபப்படவில்லை. வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு எதிரே 'களப் பயிற்சி' என்று எழுதிக் கையெழுத்திட்டு, தாமும் துண்டை எடுத்துக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் படிவங்கள் வந்தன. ஏழாம் படிவம், அலுவலகத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் யார் யாரைத் தெரியும் என்ற பட்டியல். யாருக்காவது எதிர்க்கட்சிக்காரரைத் தெரிந்திருந்தால் நலன் முரண்பாடு ஆகிவிடுமாம். பிச்சையாவிடம் படிவத்தைக் கொடுத்ததும் அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நேர்மையாக எழுத ஆரம்பித்தார். இரண்டு நாளில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் ஆனார்கள்.

"முடிஞ்சுதா அண்ணாச்சி?"

"இல்லம்மா. சுரண்டை பாக்கி கெடக்கு."

ஒன்பதாம் படிவத்தில் அலுவலகத்தின் நிர்வாகப் பங்குதாரர், இணக்க அலுவலர், புகார் அலுவலர், இரகசியத் தகவல் தருவோரின் பாதுகாவலர் ஆகிய நால்வரின் பெயரும் புகைப்படமும் கேட்டிருந்தார்கள். உமாராணி நாலு கட்டத்திலும் தன் பெயரையே எழுதினாள். படிவம் திரும்பி வந்தது. நால்வரின் படமும் ஒரே மாதிரி இருப்பதால் ஒருவரே நால்வரோ என்ற ஐயம் எழுகிறதாம். அவள் நாலு சேலை கட்டி நாலு படம் எடுத்து அனுப்பினாள். ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அன்று மாலை பேச்சித்தாய் போன் பண்ணினாள். "இடுப்பு ஒசரம் வந்துட்டும்மா. இன்னைக்கு ஆட்டோ டிரைவரும் எங்க கொழுந்தனும் நாற்காலியோட தூக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் இறக்குனாங்க. அவுக கண்ண மூடிக்கிட்டாக. இன்னும் நாலு வரி வந்துட்டா அதுவும் முடியாதாம்."

"ரெண்டு நாள் பொறுங்க பேச்சித்தாய்," என்றாள் உமாராணி. இதே வார்த்தையை ஒரு வாரம் முந்தியும் சொல்லியிருந்தது அவளுக்கு நினைவு வந்தது. போனை வைத்த பிறகும் கை போனின் மேலேயே இருந்தது.

*

ஆய்வுக்கு வந்தவள் சுகந்தி என்ற தணிக்கையாளர். கையில் கணினிப் பலகை. மரியாதையான பெண்; செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

"மேடம், மாதிரிப் புகார் ஒண்ணு எழுதச் சொல்லியிருந்தோமே."

உமாராணி காட்டினாள். புகார் அலுவலர் உமாராணி, தொலைபேசியை உடனே எடுப்பதில்லை என்று நிர்வாகப் பங்குதாரர் உமாராணிமீது எழுதிய கடிதம். வருத்தம் தெரிவித்து நிர்வாகப் பங்குதாரர் எழுதிய பதில்.

சுகந்தி தேதியைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள். "அதே நாள்லயே பதில் சொல்லியிருக்கீங்களே. பதினாலு நாள் அவகாசம் இருக்கு. உடனே பதில் வந்தா ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்ட மாதிரி இருக்கும்."

பிறகு பிச்சையாவின் ஏழாம் படிவத்தைப் பலகையில் தடவிக்கொண்டே போனவள் இருநூற்று ஆறாம் பெயரில் நின்றாள். பிச்சையாவின் மச்சினி மகளைப் பலவேசத்தின் ஒன்றுவிட்ட தம்பி மகனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தது.

"இது நலன் முரண்பாடு மேடம். எதிர்க்கட்சிக்குச் சொந்தம் உங்க ஆபீஸ்குள்ளேயே உக்காந்திருக்கு. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தகவல் சுவர் வேணும்."

"அப்படின்னா, அந்த ஃபைலை அவர்கிட்ட காட்டாம இருக்கணும். அவ்வளவுதானே?"

"எனக்கும் அப்படித்தான் மேடம் தோணுச்சு. ஆனா படிவத்துல சுவரோட நீளம், அகலம், உயரம் கேட்டிருக்கு. அதை நிரப்பாம அடுத்த பக்கம் போக முடியல."

"பிளைவுட்ல அடிச்சா?"

"பேச்சு கேக்கும். செங்கல்தான் பாதுகாப்பு."

மூலையில் பிச்சையா எழுந்து நின்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் குரல் அப்படி ஒடுங்கி உமாராணி கேட்டதில்லை. "நான் வேணா ஊருக்குப் போயிருதேம்மா."

"சும்மா இருங்க அண்ணாச்சி," என்றாள் உமாராணி. "சுவரே வச்சிருவோம்."

சீசன் நேரத்தில் கொத்தனார் கிடைப்பது லேசான காரியம் இல்லை. குற்றாலத்தில் விடுதிக்கு மேல் விடுதி எழும்பிக்கொண்டிருந்தது. பிச்சையா மூன்று நாள் அலைந்து பேச்சிராஜ் என்பவனைக் கூட்டி வந்தார். மேஜைகளுக்கு நடுவே நூல் பிடித்து வேலையைத் தொடங்கினான். முதல் நாள் டீ குடிக்கும்போது சொன்னான்:

"இங்கன நிம்மதியா இருக்கும்மா. இலஞ்சியில ஒரு ரிட்டயர்டு எஸ்.ஐ. வீட்டுச் சுவரு. செங்கலுக்கெல்லாம் வாக்குமூலம் வாங்குதாரு. பாதியில போட்டுட்டு ஓடியாந்துட்டேன். இது முடிஞ்சுதான் அங்க போவணும்."

உமாராணி டீ கிளாஸை மேஜையில் வைத்தாள். பிச்சையாவைப் பார்த்தாள். பிச்சையா டைரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் டைரி பார்க்கிற ஆள் இல்லை.

எதிர்க்கட்சிக்காரரின் கொத்தனாரை நாம் வைத்துக்கொள்வது சரியா? அவளுக்கு உண்மையிலேயே உறுத்தியது. மையத்தின் உதவி எண்ணுக்குப் போன் பண்ணிக் கேட்டாள். கேள்வி பதிவு செய்யப்பட்டது, பதினாலு வேலை நாளில் பதில் வரும் என்றார்கள். அன்று வெள்ளிக்கிழமை. இலஞ்சியில் பேச்சித்தாயின் புருஷன் செல்லச்சாமியை நாற்காலியோடு தூக்கிச் சுவரைத் தாண்ட வைத்திருப்பார்கள் என்ற நினைப்பு வந்தது. போனை வைத்துவிட்டுப் பேச்சிராஜிடம் சொன்னாள்:

"சுவரை ரெண்டு பக்கமும் பூசிருங்க. பூச்சு வழுவழுன்னு இருக்கணும். மேல ஒரு பூ வேலைப்பாடும் போடுங்க. அவசரமே இல்ல."

இருபத்திரண்டு வருஷத் தொழிலில் அவள் தெரிந்தே செய்த முதல் ஒழுக்கக்கேடு அதுதான். ஒழுக்க மையம் கேட்ட சுவரை வைத்துத்தான் அதைச் செய்தாள்.

சுவர் எழுந்ததும் பிச்சையா அந்தப் பக்கமும் உமாராணி இந்தப் பக்கமும் ஆனார்கள். வாசல் உமாராணி பக்கம் இருந்தது. பிச்சையா பின்பக்க இரும்பு ஏணி வழியாக ஏறி ஜன்னலுக்குள் நுழைந்து வேலைக்கு வந்தார். வாய்தா கேட்க வேண்டுமானால் உமாராணி அவருக்குப் போன் பண்ணினாள்.

*

சான்று கிடைத்த அன்றே பலவேசம் மையத்தில் புகார் கொடுத்தார்: வக்கீல் உமாராணி தன் கொத்தனாரைக் கவர்ந்து சென்றுவிட்டார்.

இயக்குநர் குற்றாலீஸ்வரன் இருவரையும் விடுதிக்கு அழைத்து விசாரித்தார். உமாராணி மறைக்கவில்லை. "தெரிஞ்சுதான் சார் வச்சிருந்தேன்," என்றாள். சொன்னதும் மனசு லேசாயிற்று. சான்று போனாலும் போகட்டும் என்று நின்றாள்.

"பாருங்க சார், அவுங்களே ஒத்துக்கிட்டாங்க," என்றார் பலவேசம். முப்பது வருஷ உத்தியோகத்தில் இவ்வளவு சுலபமாக யாரும் ஒத்துக்கொண்டதில்லை போலும், அவருக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

இயக்குநர் பலவேசத்தின் பக்கம் திரும்பினார்.

"பலவேசம் சார், இது எந்த விதிப்படி தவறு என்று சொல்லுங்கள்."

"அது நீங்கதானே சார் சொல்லணும்."

"புது விதி உறைக்குள் இருக்கிறது. பழைய விதி எங்கள் மையத்தில் இல்லை. எங்கள் வேலை ஆயத்தம் மட்டுமே. இன்னொன்றும் இருக்கிறது. இந்த மண்டலத்தில் இன்றுவரை முழுமையாக ஆயத்தமான அலுவலகங்களின் எண்ணிக்கை ஒன்று. அதை ரத்து செய்தால் எண்ணிக்கை என்ன ஆகும்?"

பலவேசம் கணக்குப் போட்டுப் பார்த்தார். "சைபர்."

"சைபரை வைத்து நான் எப்படி அறிக்கை எழுதுவேன்? ஆயத்தமான அலுவலகத்தின்மீது புகார் வராது. ஆகையால் நீங்கள் கொடுத்தது புகார் இல்லை, பின்னூட்டம். மிக்க நன்றி."

இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை, உமாராணி கோர்ட்டில் நின்றாள். மனுவோடு சான்றையும் இணைத்திருந்தாள். நீதிபதி அதை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"ஆயத்தச் சான்று ஐயா."

"எதுக்கு ஆயத்தம்?"

"வரப்போற விதிகளுக்கு."

"வந்துட்டா?"

"இல்லைங்கய்யா."

நீதிபதி சலீமைப் பார்த்தார். "உங்ககிட்டயும் இருக்கா?"

"இல்லைங்கய்யா," என்றார் சலீம் தலையைக் குனிந்துகொண்டு. அவர் எதைப் பிடித்துக்கொண்டும் தொங்கவில்லை.

"இதை யாரும் இங்கே கேட்கலையேம்மா," என்று நீதிபதி சான்றைத் திருப்பிக் கொடுத்தார். மனுவைப் படித்தார். எதிர்த்தரப்பு பதில் சொல்லட்டும் என்று விசாரணையை மூன்று வாரம் தள்ளிவைத்தார்.

உமாராணி வெளியே வந்து வராந்தாவில் நின்றாள். சான்று இல்லாமலே ஜூன் மூன்றாம் தேதி போட்டிருக்க வேண்டிய மனு அது. இந்நேரம் அந்த மூன்று வாரம் முடிந்திருக்கும். யாரும் அவளைத் தடுக்கவில்லை. நாலு வார்த்தைக்குப் பயந்து அவளேதான் நின்றுவிட்டாள்.

பேச்சித்தாய் ஓடி வந்தாள். "ஆர்டர் கெடைச்சுட்டாம்மா?"

"மூணு வாரம் ஆகும்."

பேச்சித்தாய் அழவில்லை. விரலை மடக்கி எண்ணினாள். "ஆறு தடவ தூக்கணும்," என்றாள். பிறகு மெதுவாக, "கொத்தனாரு திங்கக்கெழம வந்துருவான்னு பலவேசம் சொல்லிக்கிட்டுத் திரியுதாரும்மா."

உண்மைதான். பூ வேலைப்பாடும் முடிந்துவிட்டது. பூசுவதற்கு உமாராணியிடம் வேறு சுவர் இல்லை.

*

சனிக்கிழமை குற்றாலத்தில் இரண்டாம் கட்டப் பயிற்சி. முன்மாதிரி அலுவலகம் என்ற முறையில் உமாராணி பேச வேண்டும் என்று இயக்குநர் அழைத்திருந்தார். போவதில்லை என்றுதான் இருந்தாள். சனிக்கிழமை காலை என்ன தோன்றியதோ, நாலு சேலைகளில் புகார் அலுவலருக்குக் கட்டிய சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

இயக்குநர் முதலில் பேசினார். "ஒரு மகிழ்ச்சியான செய்தி. விதிகள் வருவது தள்ளிப் போகிறது. நாம் ஆயத்தமாவதற்கு இன்னும் நீண்ட காலம் கிடைத்திருக்கிறது. இதைப் பயன்படுத்தாமல் விட்டால் விதிகள் வந்துவிடும் அபாயம் இருக்கிறது."

கைதட்டினார்கள். உமாராணி மேடையேறினாள். கீழே நாற்பது வக்கீல்கள், நாற்பது பேனா. முன்வரிசையில் சலீம். எல்லார் முகத்திலும் மூன்று வாரத்துக்கு முன் தன் முகத்தில் இருந்த அதே பயத்தைப் பார்த்தாள்.

"ஏழாம் படிவத்துல உங்க எல்லாருக்கும் யாராவது சொந்தக்காரர் வருவாங்க," என்றாள். "தென்காசியில சொந்தம் இல்லாத ஆள் கிடையாது. அதனால எல்லாருக்கும் சுவர் வேணும். பிளைவுட் ஏத்துக்க மாட்டாங்க. சீசன் நேரம், கொத்தனார் கிடைக்காது. எனக்குச் சுவர் வச்சவர் பேர் பேச்சிராஜ். இந்த மண்டலத்துல சான்று வாங்கின ஒரே சுவர் அவர் கட்டினதுதான். நம்பர் சொல்லுதேன், எழுதிக்கிடுங்க."

நாற்பது பேரும் எழுதிக்கொண்டார்கள். நம்பரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார்கள். இயக்குநர் அதைக் கையேட்டில் பிற்சேர்க்கையாகச் சேர்க்க உத்தரவிட்டார்.

திங்கட்கிழமை பேச்சிராஜ் இலஞ்சிக்குப் போகவில்லை. அந்த வாரமும் போகவில்லை. அவனால் முடியாத வேலைகளைச் செங்கோட்டையிலும் சுரண்டையிலும் இருந்த மற்றக் கொத்தனார்கள் எடுத்துக்கொண்டார்கள். வக்கீல் சுவர் என்றால் செங்கலுக்குச் செங்கல் விசாரணை கிடையாது, டீயும் உண்டு என்று பேச்சாகிவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் செல்லச்சாமி நாற்காலியில் சுவரைத் தாண்டினார். சுவர் அதற்கு மேல் ஒரு வரிகூட ஏறவில்லை.

மூன்று வாரம் கழித்து விசாரணை வந்தது. சலீம் பதில் மனுவைப் படித்தார். நீதிபதி பலவேசத்தையே நேரடியாகக் கேட்டார்.

"பாதை உங்களுதுங்கிறீங்க. அப்புறம் ஏன் சுவரைப் பாதியில நிறுத்திட்டீங்க? உங்களுக்கே சந்தேகமா?"

"சந்தேகமெல்லாம் இல்லய்யா. கொத்தனார் கெடைக்கல. ஜில்லாவுல உள்ள கொத்தனாரெல்லாம் வக்கீல் ஆபீஸ்லதான் நிக்கான். என் வக்கீல் ஆபீஸ்லயே ரெண்டு பேரு நிக்கான்."

சலீம் வழக்குக் கட்டைப் பிரித்து எதையோ தேடினார்.

நீதிபதி நாற்பது வருஷத்துக் காகிதங்களைப் பார்த்து முடித்தார். பாதையை மறிக்கக் கூடாது என்று தடை கொடுத்தார். எழுப்பிய சுவரை எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டார்.

"கொத்தனாரு கெடைச்சதும் எடுத்துருதேன்யா," என்றார் பலவேசம்.

பின்வரிசையிலிருந்து பேச்சித்தாய் எழுந்துவிட்டாள். உமாராணி சைகை காட்டியும் உட்காரவில்லை. "இடிக்கதுக்குக் கொத்தனாரு எதுக்குய்யா?"

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்ததும் பேச்சித்தாய் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கடப்பாரையோடு இறங்கினாள். கொழுந்தனும் வந்து கை கொடுத்தான். பலவேசம் வாசலில் நின்று, "ஏட்டி, பையப் போடு, செங்கல் உடைஞ்சிராம எடு," என்று சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, முழுச் செங்கல் ஒரு பக்கம், உடைந்தது ஒரு பக்கம் என்று பிரித்து அடுக்க ஆரம்பித்தார்.

எட்டு மணிக்கு ஆட்டோ உள்ளே வந்து வீட்டு வாசலில் நின்றது. செல்லச்சாமி ஏறி உட்கார்ந்தார். பாதையின் நடுவே வரும்போது வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார். ஆட்டோ ரோட்டுக்கு வந்து திரும்பிய பிறகுதான் திறந்தார்.

"தாண்டிட்டா?" என்றார்.

"தாண்டிட்டு," என்றாள் பேச்சித்தாய்.